தென்னந்தோப்பில் 5 பெட்டி இந்தியத் தேனீ: இறக்கி வைப்பது எப்படி, முதல் மாதம் எதைக் கவனிக்கணும்?

தோப்புக்காரன் (ஆனைமலை)

வணக்கமுங்க. 4 ஏக்கர் தென்னந்தோப்பு, ஊடால ஜாதிக்காயும் கொஞ்சம் கோகோவும் இருக்குது. மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து இந்தியத் தேனீ 5 கூட்டத்துக்குச் சொல்லி முன்பணமும் குடுத்தாச்சுங்க. வர்ற வியாழக்கிழமை ராத்திரி வண்டியேத்தினா வெள்ளிக்கிழமை விடிய வந்துருமாம். கூட்டத்துக்கு 4 சட்டம் (அடை கட்டியிருக்கிற மரச்சட்டம்). நியூட்டன்ங்கிற பெட்டி ரகத்து அளவுல 5 காலிப் பெட்டி இங்க தயாரா இருக்குது.

வெளிநாட்டு வீடியோவுல கம்பிவலைப் பெட்டியிலிருந்து தேனீயை அப்படியே உலுக்கிக் கொட்டுறாங்க, ராணியைச் சின்னக் கூண்டோட சட்டத்துக்கு நடுவுல தொங்க விடுறாங்க. நாமளும் அப்படித்தான் பண்ணணுங்களா? வந்த அன்னைக்கே பெட்டி மாத்தணுமா, சித்த நாள் விடணுமா? சர்க்கரைப் பாகு எவ்வளவு, எத்தனை நாளைக்கு? வாசல்ல ராணித் தடுப்பு (ராணி வெளிய போக முடியாத ஓட்டைத் தகடு) போடச் சொல்லி ஒருத்தர், வேண்டாம்னு ஒருத்தர். பக்கத்துத் தோப்புல வெள்ளை ஈக்கு மருந்தடிக்கிறாங்க, அக்கட்டால மக்காச்சோளக் காடு. தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

மஞ்சி மட்டை (பொள்ளாச்சி)

அந்த வீடியோவை முதல்ல மறந்துருங்க. அதுல வர்றது ஐரோப்பியத் தேனீ, நாம இத்தாலியத் தேனீன்னு சொல்றது. 3 பவுண்டு, அதாவது 1.4 கிலோ சுமாருக்கு வெறும் தேனீயை நிறுத்து வலைப்பெட்டியில அடைப்பாங்க. ராணி வேற கூட்டத்து ராணி. அதனாலதான் தனிக் கூண்டு. கூண்டு வாயில சர்க்கரை மிட்டாய் அடைச்சிருக்கும். தேனீங்க அதைத் தின்னு முடிக்கிற ரெண்டு மூணு நாளுக்குள்ள புது ராணி வாசனைக்குப் பழகிரும். அந்தத் தேனீ அடையில்லாத பெட்டியிலயும் பாகைக் குடிச்சுட்டு நின்னு அடை கட்டும்.

நம்ம தேனீயை அப்படிக் காலிப் பெட்டியில கொட்டினா ரெண்டொரு நாள்ல கூட்டமா எழும்பிப் போயிரும். இந்தியத் தேனீயைப் பெட்டியில புடிச்சு நிறுத்துறது புழுதான். பெட்டி தேக்கா, பலாவா, சாயம் அடிச்சதா, இதெல்லாம் அதுக்குக் கணக்கே இல்லை. முட்டையும் புழுவும் உள்ள அடையும், பக்கத்துல தின்ன மகரந்தமும் தேனும் இருந்தா நிக்கும். உங்களுக்கு 4 சட்டத்தோட சொந்த ராணியும் சேர்ந்து வருது, அது நல்லது. இனி நீங்க பண்ற எந்த வேலையும் அந்தப் புழுவைக் கெடுக்காம இருக்கணும்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. விக்கிறவரைக் கூப்பிட்டு, சட்டத்தோட மேல்கட்டை எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து சொல்லச் சொல்லுங்க. மார்த்தாண்டம் பெட்டி, நியூட்டன் பெட்டி, ஐ.எஸ்.ஐ. 'ஏ' ரகம் மூணுக்கும் சட்டம் ஒரே அளவு இல்லை. அரை செ.மீ. கூடினாலும் சட்டத்தோட காது பள்ளத்துல உட்காராது, குறைஞ்சா உள்ள விழுந்துரும். அளவு ஒத்துப் போகலைன்னா அவர் பெட்டியையே விலை குடுத்து வாங்கிருங்க. அடையை அறுத்து மாத்தறது முதல் தடவை பண்றவங்களுக்கு ஆகாது. வேற வழியே இல்லைன்னா, புழு அடையைச் சட்ட அளவுக்கு அறுத்து, மேல்பக்கம் மேல்பக்கமாவே வெச்சு, நனைச்ச வாழைநாரால 2 இடத்துல கட்டணும். அடையை ஒட்ட வெச்சதும் நாரைத் தேனீங்களே கடிச்சு வெளிய தள்ளிரும்.

வண்டியில பெட்டி ஏத்தும்போது சட்டங்கள் வண்டி ஓடுற திசைக்கு நெட்டுவாக்குல இருக்கணும். குறுக்குவாக்குல வெச்சா ஒவ்வொரு பிரேக்குக்கும் அடை ஆடி ஒண்ணோட ஒண்ணு மோதும், நடுவுல மாட்டுறது ராணியாவும் இருக்கலாம். வாசலை வலையால அடைக்கணும், துணியால அடைச்சா உள்ள வெந்துரும்.

வெள்ளிக்கிழமை வந்ததும் பெட்டியைத் தாங்கியில நிரந்தர இடத்துலயே வெச்சுருங்க. புதுப் பெட்டியும் பின்னால அதே இடத்துலதான் வரணும். வலை மேல கையால கொஞ்சம் தண்ணி தெளிச்சு, அரைமணி நேரம் தொடாதீங்க. இரைச்சல் அடங்கினதும் வாசலை ரெண்டு தேனீ போற அளவுக்கு மட்டும் திறங்க. சித்த நேரத்துல தேனீங்க வெளிய வந்து, முகத்தைப் பெட்டிப் பக்கம் வெச்சு அரைவட்டமா ஆடி ஆடிப் பறக்கும். ஓடப் பார்க்குதுன்னு பயந்துராதீங்க, இடத்தை அடையாளம் வெக்குது. வாசல்ல சிலது தலையை வெளிப்பக்கம் திருப்பி நின்னு இறகடிக்கும், அதுவும் சரிதான். நம்ம தேனீ காத்தை உள்ள தள்ளும். இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் வெச்சு வெளிய இழுக்கும்.

அன்னைக்குப் பெட்டி மாத்தாதீங்க. 300 கிலோமீட்டருக்கு மேல ஆடி வந்த அடை தளர்ந்திருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில 7 மணியிலிருந்து 9 மணிக்குள்ள மாத்துங்க, காத்து கிளம்பறதுக்கு முன்னாடி. புகைமூட்டியில காஞ்ச தென்னை மஞ்சியைப் போட்டு, புகை வெள்ளையா ஆறின புகையா வர்ற வரைக்கும் ஊதுங்க. வாசல்ல ரெண்டு ஊது, ரெண்டு நிமிஷம் பொறுங்க. பழைய பெட்டியை ஓரடி தள்ளி வெச்சுட்டு, புதுப் பெட்டியை அதே இடத்துல, வாசல் அதே திசையைப் பார்க்க வைங்க. ஓரத்துச் சட்டத்தை முதல்ல நெகிழ்த்தி, நேரா மேல தூக்குங்க, சாய்க்காதீங்க. நம்ம சட்டத்துல கம்பி இருக்காது. புது அடை வெள்ளையா மெத்துனு இருக்கும். தட்டு மாதிரி படுக்க வெச்சுப் பார்த்தா முறிஞ்சு கையோட வந்துரும். மறுபக்கம் பார்க்கணும்னா புஸ்தகத்துப் பக்கம் திருப்புற மாதிரி நின்ன வாக்குல திருப்புங்க. தூக்குறப்ப சட்டம் எப்பவும் பெட்டிக்கு மேலயே இருக்கட்டும், ராணி விழுந்தாலும் உள்ளதான் விழும்.

சட்டங்க பழைய வரிசையிலயே, பழைய முகத்தோடயே போகணும். ஒரு அடை புடைப்பா இருந்தா எதிர் அடை பள்ளமா இருக்கும். மாத்திப் போட்டா ரெண்டு புடைப்பும் முட்டிக்கும். அடைக்கும் அடைக்கும் நடுவுல தேனீ நடக்க 7 முதல் 9 மி.மீ. சந்து வேணும். குறைஞ்சா மெழுகால அடைக்கும், கூடினா குறுக்கு அடை கட்டும். 4 சட்டத்தோட ஓரத்துல மெழுகுப் பட்டை ஒட்டின புதுச் சட்டம் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு அப்புறம் மிச்ச இடத்தை மறைக்கிற தடுப்புப் பலகை. நியூட்டன் பெட்டியில 7 சட்டம் புடிக்கும்கிறதுக்காக 7 போடக்கூடாது. கடைசியா பழைய பெட்டியோட மூடி அடிப்பக்கம், மூலையெல்லாம் பாருங்க, ராணி அங்க ஒண்டியிருக்கும். மிச்சத் தேனீயைப் புதுப் பெட்டி வாசல்ல தட்டி விட்டா தானா நடந்து உள்ள போயிரும்.

ராணியைத் தேடி ஒவ்வொரு சட்டமாப் புரட்ட வேண்டாம். சூரியனை முதுகுக்குப் பின்னால வெச்சு நடு அடையில அறைக்குள்ள பாருங்க. அரிசிக் குறுணையை விட மெல்லிசா, அடியில செங்குத்தா ஒத்தை முட்டை நின்னா அது இன்னைக்கு வெச்சது. மூணாம் நாள் படுத்துரும். முட்டை தெரிஞ்சா ராணி இருக்குதுன்னு அர்த்தம்.

வாசல்ல ராணித் தடுப்பு 5 நாளைக்குப் போடலாம்ங்கிறது என் கட்சி.

அப்புறம் ஒண்ணு: கோகோவுக்குத் தேனீயை நம்பாதீங்க. அந்தப் பூவுல வேலை பார்க்கிறது கண்ணுக்குச் சரியாத் தெரியாத குட்டி ஈ. தென்னைக்கு நிச்சயம் நல்லது, பாளை மாதமாதம் வெடிக்கிறதால தேனீக்கும் வருஷம் பூரா மகரந்தம்.

வெள்வேல் நிழல் (காங்கேயம்)

மேல சொன்னது முக்காலும் சரி. ராணித் தடுப்புல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லீங்க. அந்தத் தகட்டு ஓட்டையில நுழையறப்ப காலில் கொண்டு வர்ற மகரந்த உருண்டை உதிர்ந்துரும். காலையில அடிப்பலகை ஓரத்துல மஞ்சளாக் கொட்டிக் கிடக்கும், பார்க்கலாம். புழுவுக்குத் தீனி வேணும்னு சொல்லிட்டு அதே வாசல்ல தீனியைத் தட்டி விடுற மாதிரிதான் அது. ஆண் தேனீ வெளிய போக முடியாம ஓட்டையில சிக்கிச் செத்து அடைச்சுக்கும். அதை விட முக்கியம், வந்த ராணி இணை சேராத கன்னி ராணியா இருந்தா, அது பறந்து போய்ச் சேர்ந்துட்டு வந்தாத்தான் முட்டை. தடுப்பு போட்டா அந்தக் கூட்டம் அதோட முடிஞ்சுது. கடையில இத்தாலியத் தேனீக்குச் செஞ்ச தடுப்பைக் கட்டி விடுறதும் உண்டு. அதுல நம்ம ராணி நழுவிப் போயிரும், ஆக வீண்தான்.

இப்ப நேரத்தைப் பத்தி. ஆனி பொறக்கப் போகுது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆவணி வரைக்கும் விடாது. எங்க காங்கேயம், தாராபுரம் பக்கம் வறண்ட காத்து. உங்க ஆனைமலையில சாரலும் சேர்ந்துக்கும். தேனீ வளக்கறவங்களுக்குப் பஞ்ச காலம் இது. தை மாசம் இறக்கியிருந்தா கொத்தமல்லி, அப்புறம் முருங்கை, வேம்பு, புங்கன்னு சித்திரை வரைக்கும் தானா வளர்ந்திருக்கும். முன்பணம் குடுத்தாச்சு, சரி. வாசல் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்க்கட்டும். மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு கட்டாயம் வேணும்: பின்னின தென்னங்கீத்து, பெட்டியிலிருந்து ஆறடி தள்ளி, ஆள் உயரம். பெட்டியை ஒட்டியே மறைப்பு கட்டுனா காத்து மேல ஏறிச் சுழன்று வாசல்லயே விழும்.

தோப்புல எங்கன்னா, நாலு மரத்துக்கு நடு மையத்துல. குலைக்கு நேர் கீழ வெச்சு ஒரு மட்டை விழுந்தா மூடி ரெண்டாயிரும். காலை வெயில் விழணும், மத்தியானம் நிழல் இருக்கணும். வாய்க்கால் தண்ணி பாயுற இடமும் வேண்டாம். பெட்டி முன்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து இருந்தா மழைத்தண்ணி உள்ள தங்காது. தாங்கிக் கால் நாலும் தண்ணிக் கிண்ணத்துல நிக்கட்டும், மேல கொஞ்சம் கழிவு எண்ணெய். காத்துக் காலத்துல அந்தக் கிண்ணத்துல தூசியும் சருகும் விழுந்து மூணே நாள்ல எறும்புக்குப் பாலம் போட்டுரும். கிண்ணம் இருக்குதுன்னு நம்பி இருக்கிறவங்க பெட்டியைத்தான் எறும்பு தின்னும். புல்லு ஒண்ணு தாங்கியைத் தொட்டாலும் போதும்.

பாகு: 200 கிராம் சர்க்கரை, 200 மி.லி. காய்ச்சி இறக்கின தண்ணி. தண்ணியை இறக்கி வெச்ச அப்புறம் சர்க்கரையைக் கலக்குங்க, சர்க்கரையோட சேர்த்துக் கொதிக்க விட்டுக் கருக்கக் கூடாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை ஆகவே ஆகாது, வயித்தால போகும். கொட்டாங்குச்சியில ஊத்தி நாலஞ்சு ஈர்க்குச்சி மிதக்க விடுங்க, இல்லைன்னா விழுந்து சாகும். சட்டத்துக்கு மேல காலித் தேனறையை (பெட்டியோட மேலடுக்கு) ஏத்தி அதுக்குள்ள வைங்க, பொழுதோட மட்டும், 6 மணிக்கு மேல. விடிஞ்சதும் கொட்டாங்குச்சியையும் காலியறையையும் எடுத்துருங்க. விட்டு வெச்சா மூடியில அடை கட்டத் தொடங்கிரும். முதல் 2 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒரு தடவை 200 மி.லி. 5 பெட்டிக்கும் ஒரே நாள் குடுக்கணும். ஒண்ணுக்கு மட்டும் குடுத்தா மத்த நாலும் கொள்ளைக்கு வரும். வாசல்ல கட்டிப்புரண்டு சண்டை, மூடி இடுக்கைத் தேடி மோந்து பார்க்கிற தேனீ, இது கண்ணுல பட்டா வாசலை ஒத்தைத் தேனீ நுழையற அளவுக்குச் சுருக்கி, ஈரச்சாக்கை மூடி மேல போடுங்க.

தண்ணிக்கு ஒரு தட்டுல கூழாங்கல் போட்டு வைங்க. இல்லைன்னா மாட்டுத் தொட்டியில போய் மொய்க்கும், அப்புறம் பால் கறக்க வர்றவங்க உங்களைத்தான் திட்டுவாங்க.

புழுவறை (கோவை)

ராணித் தடுப்பு பற்றி இருவரும் சொல்வது அவரவர் நிலையில் சரி. முட்டையும், சீராக மூடிய பணித்தேனீப் புழுவும் கண்ணால் பார்த்துவிட்டால் அது இணை சேர்ந்த ராணி. அப்போது 4 நாள் தடுப்பு போட்டு எடுத்துவிடலாம். முட்டை தெரியவில்லை என்றால் தொடவே கூடாது. என் கருத்தில், 3 சட்டம் புழுவோடு வரும் கூட்டத்துக்கு அது தேவையே இல்லை.

நோய் பற்றி யாரும் எழுதவில்லை. கூட்டம் வாங்கும்போது விலையைவிட இதைத்தான் பார்க்க வேண்டும். 1991, 92 ஆண்டுகளில் தாய்லாந்து சாக்குப்புழு நோய் என்கிற வைரஸ் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பெட்டிகள் காலியாகி அடுக்கிக் கிடந்தன. இன்றும் அந்த வைரஸ் போய்விடவில்லை. கூட்டம் பலவீனப்படும்போது தலை காட்டும்.

அடையாளம் தெளிவானது. புழு முழுவளர்ச்சி அடைந்து, அறை மூடும் பருவத்தில் சாகும். அறைக்குள் சுருண்டு இருக்காது, நீட்டி நிமிர்ந்து மல்லாந்து, தலைநுனி மட்டும் படகு முனைபோல் மேல் தூக்கி நிற்கும். இடுக்கியால் தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் உடையாமல், நீர் நிறைந்த சின்னப் பைபோல் முழுதாக வரும். வெள்ளை மங்கி பழுப்பாகும். நாற்றம் இராது. ஐரோப்பியப் புழு அழுகல் வேறு: அது பாக்டீரியா, புழு இளம் பருவத்திலேயே சுருண்டபடி மஞ்சளாகச் சாகும், புளித்த வாடை வரும்.

சாக்குப்புழுவுக்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் கலந்த பாகு கொடுக்கச் சொல்வார்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது, தேனில் எச்சம் மட்டும் நிற்கும். செய்யக்கூடியது, புழு வளர்ப்பை இடைநிறுத்துவது. ராணியைக் கூண்டில் 10 முதல் 15 நாள் அதே பெட்டிக்குள் அடைத்து வைத்தால் புதுப் புழு இல்லாமல் வைரஸின் சங்கிலி அறும். அதிகம் பாதித்த அடைகளை எரித்துவிட்டு, தேனீ மூடும் அளவுக்கு மட்டும் அடை விட்டு, பாகு கொடுக்க வேண்டும். ஒரு பெட்டி அடையை இன்னொரு பெட்டிக்கு மாற்றவே கூடாது. நெம்புகோலையும் கையையும் சோப்பால் கழுவிய பிறகே அடுத்த பெட்டி. மறுபடி மறுபடி வந்தால் அந்த ராணியை நீக்கி, தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து ராணி அறை (புது ராணி வளர்கிற அறை) கொடுப்பதே வழி.

மெழுகு அந்துப்பூச்சி புது ஆட்களை அதிகம் ஏமாற்றும். பூச்சி வந்ததால் கூட்டம் ஓடியது என்பார்கள். பெரும்பாலும் தேனீ குறைந்து, மூட ஆளில்லாத அடையில்தான் பூச்சி ஏறுகிறது. இந்தியத் தேனீ பழைய கறுத்த அடையைத் தானே கடித்துக் கீழே தள்ளும் குணம் கொண்டது. அந்தத் தூள் அடிப்பலகையில் சேர்ந்தால் அங்கேதான் அந்துப்பூச்சியின் புழு முதலில் வளரும், பிறகு வெள்ளை நூல் சுரங்கமாக அடைக்குள் ஏறும். 10 நாளுக்கு ஒருமுறை அடிப்பலகையை மட்டும் கழற்றிச் சுரண்டி, வெயிலில் காட்டி, திரும்ப வைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. அதற்குச் சட்டத்தைத் தூக்க வேண்டியதில்லை.

திறந்து பார்ப்பது 10 நாளுக்கு ஒரு தடவை, 5 நிமிடம். மற்ற நாட்களில் காலை 7 முதல் 9 வரை வாசலைப் பார்த்தாலே போதும். காலில் மகரந்தத்தோடு தேனீ வந்துகொண்டே இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. 3 நாள் மகரந்தமே வரவில்லை, வந்துபோவதும் மந்தம் என்றால் கூட்டம் கிளம்ப யோசிக்கிறது. அன்று திறந்து பாருங்கள்.

தோப்புக்காரன் (ஆனைமலை)

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அளவு ஒத்து வந்துருச்சு, ஞாயித்துக்கிழமை மாத்தியாச்சு. இன்னைக்கு 12-ஆம் நாள். நாலு பெட்டி நல்லா இருக்குது. 3-ஆம் பெட்டி முன்னால தினமும் காலையில பத்துப் பதினஞ்சு வெள்ளைப் புழு கிடக்குது. நாலு நாளா சாரல். இடுக்கியால அறையில இருந்ததை இழுத்துப் பார்த்தேன், பை மாதிரி வரலை, பிய்ஞ்சு வருது. செத்தது எல்லாம் ஓரத்து அடையில, கீழ் விளிம்புல. இந்தப் பெட்டிக்கு மட்டும் இடம் தாராளமா இருக்கட்டும்னு 6 சட்டம் போட்டிருந்தேன். இன்னொரு பயம்: 1-ஆம் பெட்டியில மூடின அறை சிலதுல நட்ட நடுவுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்குது. அது நோயுங்களா?

புழுவறை (கோவை)

1-ஆம் பெட்டியில் இருப்பது ஆண் தேனீ அறை. இந்தியத் தேனீயில் ஆண் அறையின் மூடி கூம்பாக எழும்பி, நுனியில் ஒரே ஒரு துளையோடு இருக்கும், இயல்பே அப்படித்தான். பணித்தேனீ அறையின் மூடி உள்வாங்கி, ஓட்டை ஓரமாகப் பிய்த்ததுபோல் இருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும்.

3-ஆம் பெட்டி சாக்குப்புழு அல்ல என்றே தோன்றுகிறது. நீங்கள் சொன்ன மூன்று குறிப்பும் ஒரே பக்கம் கை காட்டுகிறது: பை வரவில்லை, சாவு ஓரத்திலும் கீழ் விளிம்பிலும் மட்டும், சட்டம் 6. புழுவுக்கு 34, 35 டிகிரி சூடு வேண்டும். இருக்கிற தேனீ 3 அடையைத்தான் மூட முடியும். சாரல் ராத்திரியில் அவை நடுவில் ஒடுங்கும்போது ஓரத்துப் புழு குளிரில் விறைக்கிறது. அதோடு நாலு நாள் வெளியே போக முடியாமல் மகரந்தம் தீர்ந்தால், கூட்டம் தன் புழுவையே உறிஞ்சிவிட்டுத் தோலை வெளியே எறியும். பிய்ந்து வந்தது அதனாலும் இருக்கலாம்.

மழை விட்ட காலையில் திறந்து, இருபுறமும் தேனீ நிறைந்திருக்கும் அடைகளை மட்டும் விடுங்கள், அநேகமாக 3. மீதியை எடுத்து, தடுப்புப் பலகையை ஒட்டி நெருக்குங்கள். எடுத்த அடையை வேறு பெட்டியில் வைக்க வேண்டாம், நோய் இல்லை என்று உறுதியாகும்வரை. புழு இல்லாத அடையைக் காற்றுப் புகாத டப்பாவில் கந்தகப் புகை காட்டி வைத்தால் அந்து ஏறாது. பாகு 3 நாள் தொடர்ந்து, மாலையில், 200 மி.லி. வாசல் ஒரு அங்குலம் போதும். 5-ஆம் நாள் நடு அடையில் நின்ற முட்டை தெரிந்தால் தப்பித்தது. அப்போதும் புழு விழுந்து, இழுத்தால் பையாக வந்தால், மேலே சொன்னபடி ராணியை அடையுங்கள்.

மஞ்சி மட்டை (பொள்ளாச்சி)

மருந்தடிப்பு விஷயம் பதில் இல்லாமலே நிக்குது, அதையும் சொல்லிர்றேன். தென்னையில வர்ற ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016-ல இந்தியாவுலயே முதல்ல பதிவானது நம்ம பொள்ளாச்சிப் பக்கம்தான். அதுக்குப் பூச்சிக்கொல்லி அடிச்சா ஈயைத் தின்னு வாழ்ற என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும், ஈ திரும்ப ஏறும். வேளாண் பல்கலைக்கழகமும் மஞ்சள் ஒட்டுப்பொறி, மட்டையோட அடிப்பக்கம் விசையாத் தண்ணி பீச்சறது, வேப்பெண்ணெய், ஒட்டுண்ணி விடறது, இதைத்தான் சொல்லுது. பக்கத்துத் தோப்புக்காரர்கிட்ட உங்க தேனீக்காகன்னு கேட்டா முகம் சுளிப்பார். அவர் செலவு மிச்சமாகும்னு இந்தக் கணக்கைச் சொல்லுங்க.

பெரிய பயம் மக்காச்சோளக் காடுதான். கதிர்ப்பூ வந்தா காலையில 7 மணிக்கெல்லாம் தேனீ அங்க மகரந்தத்துக்குப் போய் நிக்கும். படைப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட்டைக் காலையில அடிச்சா நேரடியா மேல பட்டுச் சாகும். வாசல் முன்னால நாக்கை நீட்டிட்டு நூத்துக்கணக்குல செத்துக் கிடந்தா அது விஷம்தான், நோய் இல்லை. பூ வந்த பின்னாடி அடிச்சே ஆகணும்னா பொழுது சாய்ஞ்சு 6 மணிக்கு மேல அடிக்கச் சொல்லுங்க. மருந்து மாத்த முடியும்னா குளோரான்ட்ரனிலிப்ரோல் தேனீக்கு அவ்வளவு கெடுதல் இல்லாதது. அடிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி உங்களுக்கு ஒரு போன் வந்தாப் போதும். அடிக்கிற அன்னைக்கு இருட்டினதும் வாசலுக்கு வலை வெச்சு அடைச்சு, மூடி மேல ஈரச்சாக்கு போட்டு, அடிச்ச மறுநாள் 10 மணி வரைக்கும் வெக்கலாம். அதுக்கு மேல வெச்சா உள்ள புழுங்கி, மருந்து பண்ண வேண்டியதை நாமளே பண்ணின கதையாயிரும். திறந்ததும் கூழாங்கல் தட்டுல தண்ணி புதுசா மாத்தி வைங்க, முதல்ல அதைத்தான் தேடி வரும்.

தோப்புக்காரன் (ஆனைமலை)

சரிங்கண்ணா. 3-ஆம் பெட்டியை 3 சட்டமா நெருக்கியாச்சு, முதல் பாகு நேத்து பொழுதோட வெச்சேன், விடியறதுக்குள்ள கொட்டாங்குச்சி காஞ்சு கிடந்துச்சு. இன்னைக்குக் காலையில வெளிய விழுந்தது நாலே புழு. மக்காச்சோளக்காரர் நம்பரை வாங்கிட்டேன். 5-ஆம் நாள் திறந்து முட்டை பார்த்துட்டு எழுதறேனுங்க.